டீசல் ஸ்விஃப்ட்: ரேஸ் பண்ணினால் ஙொய்யென்று சத்தம், பாஸ் அடித்தால் ஆம்ப் ஆஃப்

காட்பாடி_டீசல்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2014 மாடல் டீசல் ஸ்விஃப்ட், செகண்ட் ஹேண்டில் எடுத்தது. டேஷ்போர்டில் ஆண்ட்ராய்டு ஹெட் யூனிட் (பாட்டு போடும் திரை). முன் கதவுகளில் காம்போனென்ட் ஸ்பீக்கர் (ட்வீட்டர் என்கிற கீச்சொலிக் குட்டி ஸ்பீக்கர் தனியாக வரும் வகை), அதற்கு ஒரு நாலு சேனல் ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கும் பெட்டி). டிக்கியில் 12 இன்ச் சப் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்), டூயல் 4 ஓம் காயில் (இரண்டு கம்பிச்சுருள்), போர்ட் என்கிற காற்றுத் துளை வைத்த பெட்டி. அதற்குத் தனியாக மோனோ ஆம்ப், 2 ஓமில் 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கும் பவர்). எல்லாம் ஊரிலேயே ஒரு கடையில் கொடுத்துப் போட்டது.

பிரச்சினை இரண்டு. இன்ஜின் ஓடும்போது ஙொய்யென்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது. இரண்டாவது, வால்யூம் கொஞ்சம் ஏற்றிப் பாஸ் (தாழ்ந்த அதிர்வொலி) விழுந்தால் மோனோ ஆம்ப் பட்டென்று நின்றுவிடுகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. வால்யூமைக் குறைத்தால் தானாக வருகிறது. ராத்திரியில் வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னலில் நிற்கும்போது பார்த்தால், முன்னால் நிற்கிற வண்டி மேல் விழும் என் ஹெட்லைட் வெளிச்சம் பாட்டோடு சேர்ந்து மங்கி மங்கி எரிகிறது.

கடையில் கேட்டால் "ஆம்ப் வீக், பெரிசா மாத்திக்கலாம்" என்கிறார்கள். மாற்றலாமா?

சத்துவாச்சாரி_பாஸ்

ஹெட்லைட் மங்கினால் கெபாசிட்டர்தான் (கரண்ட்டைச் சேர்த்து வைத்துச் சட்டென்று கொடுப்பது) மருந்து. 1 ஃபாரட் ஒன்று வாங்கி ஆம்ப் பக்கத்தில் மாட்டுங்கள். ஙொய் சத்தத்துக்கு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் சின்னதாக ஆன்லைனில் கிடைக்கிறது, ஆர்சிஏ (ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டு கொண்டுபோகும் வயர்) நடுவில் சொருகினால் போதும். இரண்டும் சேர்ந்து ஆம்ப் விலையில் கால்வாசிகூட வராது.

ராணிப்பேட்டை_மீட்டர்

தம்பி, எதையும் வாங்காதீர்கள். முதலில் சில கேள்விகள்.

ஙொய் சத்தம் சப்பிலிருந்து வருகிறதா, கதவு ஸ்பீக்கரிலிருந்தா? காதை வைத்துக் கேட்டுச் சொல்லுங்கள். கதவிலிருந்து என்றுதான் நினைக்கிறேன். ஆல்டர்னேட்டருக்குள் சாதாரணமாக 12 துருவம், அதாவது 6 ஜோடி. இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் ஐடிலில் இருக்கும்போது பெல்ட் புல்லி அதை ஏறக்குறைய 2000 ஆர்பிஎம்மில் சுற்றவைக்கும். அந்தக் கணக்கில் 200 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ் டயோடு தாண்டி வரும்போது 1200 ஹெர்ட்ஸ் சிற்றலை. சப்புக்கு 80 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டும் ஃபில்டர் போட்டிருந்தால் அது அங்கே கேட்கவே கேட்காது. அதனால் இது ஒரே நோயின் இரண்டு அறிகுறி என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்து, ஆம்ப் எப்போது நிற்கிறது? பாஸ் விழுந்த அந்த நொடியிலா, கால் மணி நேரம் ஓடிய பிறகா? வால்யூம் குறைத்ததும் உடனே வந்தால் அது வோல்டேஜ் சமாச்சாரம். ஆறின பிறகுதான் வரும் என்றால் சூடு. நம் ஊர் கத்திரி வெயிலில் சீட்டுக்கு அடியில் கார்பெட் போர்த்திய ஆம்ப் பாட்டே போடாமல் பாதி சூடாகியிருக்கும், அது வேறு கதை. வால்யூம் எவ்வளவு குறைத்தாலும் விளக்கு அணையவே இல்லையென்றால் ஸ்பீக்கர் வயர் எங்காவது பாடியைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

மெயின் ஃபியூஸ் எங்கே இருக்கிறது? இரண்டு ஆம்புக்கும் எர்த் (மைனஸ் வயரை வண்டி பாடியில் பிடிக்கும் இடம்) எங்கே பிடித்திருக்கிறார்கள்? கையால் தொட்டும் பாருங்கள். பாட்டு ஓடி முடிந்ததும் ஃபியூஸ் ஹோல்டர் சுடுகிறதா?

காட்பாடி_டீசல்

அண்ணே, நீங்கள் சொன்னது சரி. சத்தம் கதவு ஸ்பீக்கரில்தான், ட்வீட்டரில் நன்றாகவே கேட்கிறது. சப்பில் சுத்தமாக இல்லை. ஆம்ப் பாஸ் விழுந்த நொடியிலேயே நிற்கிறது, குறைத்தால் உடனே வருகிறது.

ஃபியூஸ் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டுக்கு அடியில் இருக்கிறது. பானெட்டுக்குள் எதுவும் இல்லை, பேட்டரியிலிருந்து நேராக வயர் உள்ளே வருகிறது. ஹோல்டர் நன்றாகவே சுடுகிறது. எர்த் இரண்டும் பின் சீட்டுக்குப் பின்னால் ஒரே தகர ஸ்க்ரூவில்.

குடியாத்தம்_12வோல்ட்

தம்பி, பாட்டு அப்புறம். முதல்ல பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டு. ஃபியூஸ் வேலை முடியும் வரைக்கும் இந்த ஆம்ப் வயரைப் பேட்டரியில் மாட்டாதே.

ஃபியூஸ் எதுக்கு? ஆம்பைக் காப்பாத்த இல்லை. ஆம்புக்கு உள்ளேயே ஃபியூஸ் இருக்கு. இது வயரைக் காப்பாத்த. பேட்டரியிலிருந்து சீட்டு வரைக்கும் வர்ற அந்த நீளம் முழுக்கப் பாதுகாப்பே இல்லாமல் கிடக்கு. இன்ஜின் ரூமிலிருந்து உள்ளே நுழையுற ஓட்டையில் ரப்பர் குரோமெட் இருக்கா? இல்லைன்னா தகர விளிம்பு ஒவ்வொரு குலுக்கலுக்கும் தோலைச் சீவிக்கிட்டே இருக்கும். ஒரு நாள் செம்பு பாடியைத் தொட்டால், நடுவில் நிறுத்த ஒண்ணுமில்லை, வயர் பழுத்துச் சிவந்து கார்பெட் பிடிச்சிக்கும். நான் வண்டி கரண்ட் வேலைதான் பார்க்கிறேன், சீட்டுக்கடியில் கருகின வயரோட வண்டிங்க என் பட்டறைக்கு வருது.

மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்கணும். அதுக்கும் கிட்ட இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொண்ணு. அந்த வயர் செட் டப்பாவில் 4 கேஜ்னு (வயர் கனத்தோட அளவு) போட்டிருப்பான். ஒரு முனையில் பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாத் தெரிஞ்சால் அது செம்பு இல்லை, செம்பு பூசின அலுமினியம். அதே கனத்தில் செம்பு எடுத்துப்போற கரண்ட்டில் மூணில் ரெண்டு பங்குதான் எடுக்கும். அதுவும் பல செட்டில் தோல்தான் தடிமன், உள்ளே வயர் சுண்டு விரல்கூட இருக்காது.

ராணிப்பேட்டை_மீட்டர்

குடியாத்தம் அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்கள். பேட்டரி பக்கம் ஒரு 80 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட பிறகு இந்தச் சோதனை. ஒரு சாதா மல்டிமீட்டர் போதும், முந்நூறு ரூபாய் மீட்டரே தாங்கும்.

50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒன்றை பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். பாட்டு போட்டு அளந்தால் முள் நிற்காமல் ஆடும். இன்ஜினை ஓடவிட்டு, ஆம்ப் நிற்பதற்குக் கொஞ்சம் முன்பு வரை வால்யூம் வையுங்கள். ஒவ்வொரு அளவும் சில நொடிதான், டோனை ஓடவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், காயில் வெந்துவிடும்.

முதலில் பேட்டரி பிளஸ், மைனஸ் நடுவில் எவ்வளவு? பிறகு மோனோ ஆம்பின் சொந்த டெர்மினலில் எவ்வளவு? இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அது வயரில் தொலைந்த வோல்டேஜ். எந்தப் பக்கம் தொலைந்தது என்பதுதான் அடுத்தது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை ஆம்பின் பிளஸ்ஸிலும் வையுங்கள். நீளத்துக்கு ஒரு சாதா வயரைச் சேர்த்துக்கொள்ளலாம். வயர் நன்றாக இருந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அதே மாதிரி பேட்டரி மைனஸ், ஆம்ப் மைனஸ். இந்த இரண்டாவது அளவைத்தான் யாரும் எடுப்பதில்லை. பாடி எர்த் என்றாலே சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

ஓம் மோடில் வைத்து எர்த் 0.1 காட்டுகிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மீட்டர் அனுப்பும் மில்லி ஆம்பியருக்கு ஒற்றை இழை தொட்டிருந்தாலும் போதும். 50 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.1 ஓம் 5 வோல்ட்டை விழுங்கிவிடும்.

இன்ஜினை நிறுத்திவிட்டு, ஆம்பிலிருந்து சப் வயரைக் கழற்றி அதன் ஓமையும் பாருங்கள். இரண்டு 4 ஓம் காயில் பேரலல் என்றால் மீட்டரில் 2-க்குக் கொஞ்சம் கீழே காட்டும். 4-க்குக் கொஞ்சம் கீழே காட்டினால் ஒரு காயில் மட்டும்தான் ஓடுகிறது. 7-க்குக் கிட்டே என்றால் சீரீஸில் போட்டிருக்கிறார்கள்.

சத்துவாச்சாரி_பாஸ்

இவ்வளவு அளவெடுப்பதற்குக் கெபாசிட்டர் மாட்டி ஒரே வேலையாக முடித்துவிடலாம். என் வண்டியில் மாட்டிய பிறகு விளக்கு மங்குவது குறைந்தது. கண்ணால் பார்த்தது.

ராணிப்பேட்டை_மீட்டர்

பாஸ், உங்கள் கண்ணை நான் மறுக்கவில்லை. கெபாசிட்டர் மாட்டும்போது எர்த்தையும் புதிதாகச் சுரண்டிப் பிடித்திருப்பீர்கள், அதில் குறைந்ததா என்றும் பாருங்கள். கணக்கு இது. 1 ஃபாரட் கெபாசிட்டர் 13.5 வோல்ட்டிலிருந்து 12.5-க்கு இறங்கும்போது கொடுப்பது 13 ஜூல். ஆம்ப் இழுப்பது 600 வாட் என்றால் அந்த 13 ஜூல் ஒரு செகண்டில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் வரும். ஒரு பாஸ் அடி அதைவிட நீளம். அடுத்த அடிக்குள் அதை மறுபடி நிரப்புவதும் அதே ஆல்டர்னேட்டர், அதே ஒல்லி வயர்தான்.

மாடித் தொட்டிக்கு ஒன்றரை எச்பி மோட்டார் வைத்துவிட்டு அரை இஞ்ச் பைப் போட்டால் மோட்டாரைத் திட்டி என்ன பயன்?

ஆம்பூர்_பாய்

பாய், நடுவில் ஒரு வார்த்தை. கார்பெட் பிரிக்கும்போது முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் இருந்தால் கை வைக்காதீர்கள். ஏர்பேக் லைன் எல்லாம் மஞ்சளில்தான் வரும். எங்கள் ஊரில் சீட் கவர் போடுகிறவர்கள்கூட இதைத் தெரிந்துகொண்டுதான் தொடுகிறார்கள்.

காட்பாடி_டீசல்

அளந்தேன். 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடும்போது:

பேட்டரியில் 13.6. மோனோ ஆம்ப் டெர்மினலில் 11.2. பிளஸ் பக்கம் 0.9 தொலைகிறது. மைனஸ் பக்கம் 1.5! சப் காயில் 1.9 ஓம், அது பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

வயரைச் சுரண்டினேன், உள்ளே வெள்ளை. எர்த் ஸ்க்ரூவைக் கழற்றினால் தம்பிளுக்கு (வயர் முனையில் இருக்கும் வளையம்) அடியில் வண்டியின் பெயின்ட் அப்படியே பளபளவென்று இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. ஸ்க்ரூவின் மரை மட்டும்தான் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

குடியாத்தம்_12வோல்ட்

அதான். ரெண்டு ஆம்ப் கரண்ட்டும் அந்த ஸ்க்ரூ மரை வழியாப் போகுது. 11.2-ங்கிறது மீட்டர் சராசரி, ஒவ்வொரு அடிக்கும் அதுக்குக் கீழே முங்கி எழும். நிறைய ஆம்ப் 10, 10.5 வந்தாலே தன்னைத்தானே நிறுத்திக்கும். உன் ஆம்ப் ஒழுங்கா வேலை செய்யுது, அதை மாத்தாதே.

எர்த்துக்கு இடம் நல்லாத் தேர்ந்தெடு. சீட் பெல்ட் போல்ட் வேண்டவே வேண்டாம், அது உயிர் காக்கிற போல்ட், அதுக்கு அடியில் தம்பிள் வைச்சால் இறுக்கம் போயிடும். டிக்கியில் ரெண்டு தகடு சேர்த்து வெல்டு பண்ணின தடிச்ச இடமாப் பார். கீழே டீசல் டேங்க், பிரேக் பைப் இல்லைன்னு குனிஞ்சு பார்த்துட்டு ஓட்டை போடு. உப்புத்தாள் வைச்சு, பெயின்ட் போய், அதுக்கு அடியில் இருக்கிற சாம்பல் பிரைமரும் போய், தகரம் வெள்ளிக்காசு மாதிரி மின்னணும். நிறையப் பேர் பிரைமரோட நிறுத்திடுறாங்க. 8 எம்எம் போல்ட், பல்லு வாஷர், பின்னாடி நட். ரெண்டு ஆம்ப் எர்த்தும் அதே இடத்தில், ஒவ்வொண்ணும் ஒன்றரை அடிக்குள். இறுக்கி முடிச்சு மேலே வாசலின் தடவிடு, மழைக்காலத்தில் துரு ஏறாது.

பிளஸ்ஸுக்கு ஹார்டுவேர் கடையில் 25 ஸ்கொயர் எம்எம் வெல்டிங் கேபிள் கேள். செம்புன்னு சொல்லிக் கேள், அதிலும் அலுமினியம் விக்கிறான். கடையில் வைச்சே ஒரு இழை சுரண்டு. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். எர்த்துக்கும் அதே கேபிள்தான். தம்பிளைச் சுத்தியால் அடிச்சு நசுக்காதே, கிரிம்பிங் பண்ணிக் கொடுக்கிற எலக்ட்ரிக்கல் கடையிலேயே அடிச்சு வாங்கிக்கோ.

காட்பாடி_டீசல்

முடிந்தது. இப்போது அதே டோன், அதே வால்யூம்: பிளஸ் பக்கம் 0.2, மைனஸ் பக்கம் 0.15. ஆம்ப் நிற்பதே இல்லை. ஃபியூஸ் ஹோல்டர் பச்சைத் தண்ணி போல இருக்கிறது. ஹெட்லைட் லேசாக அசைகிறது, அவ்வளவுதான். பள்ளிகொண்டா டோல் வரை சத்தமாக வைத்துக்கொண்டே போய் வந்தேன்.

ஆனால் ஙொய் அப்படியே இருக்கிறது. கொஞ்சம் குறைந்த மாதிரி ஒரு பிரமை. ஐசோலேட்டர் வாங்கிவிடவா?

ராணிப்பேட்டை_மீட்டர்

வேண்டாம். மலிவான ஐசோலேட்டருக்குள் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கும், அது கீழ் பாஸைத் தின்றுவிடும். வழியை அடைத்துக்கொண்டே போகலாம்.

ஆம்பை ஆஃப் செய்துவிட்டு நாலு சேனல் ஆம்பிலிருந்து ஆர்சிஏவைக் கழற்றுங்கள். ஆன் நிலையில் ஒருபோதும் பிடுங்காதீர்கள். ஆம்பின் எர்த் எங்காவது விட்டிருந்தால் அந்தக் கரண்ட் ஆர்சிஏ உறை வழியாக ஹெட் யூனிட்டுக்குள் நுழைந்து உள்ளே இருக்கும் மெல்லிய தடத்தை எரித்துவிடும், பிறகு சாகும்வரை ஙொய்தான்.

ஆர்சிஏ இல்லாமல் இன்ஜினை ரேஸ் பண்ணினால் சத்தம் இருக்கிறதா? இருந்தால் ஆம்ப் அல்லது ஸ்பீக்கர் வயர். இல்லையென்றால் போனிலிருந்து ஒரு ஆக்ஸ் வயரில் நேராக ஆம்புக்குக் கொடுங்கள். போன் சார்ஜரில் இருக்கக் கூடாது. அதிலும் சத்தம் இல்லையென்றால் கோளாறு ஹெட் யூனிட் பக்கம். அப்போது ஹெட் யூனிட்டின் பின்னால் மாட்டியிருக்கும் ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேளுங்கள்: யுஎஸ்பி, ஜிபிஎஸ், டேஷ் கேமரா, ரிவர்ஸ் கேமரா.

ஆர்சிஏவும் பவர் கேபிளும் ஒரே பக்கமாகப் போகின்றனவா? பவர் வலது பக்கம் என்றால் ஆர்சிஏ இடது பக்கம் போகட்டும்.

காட்பாடி_டீசல்

அண்ணே, கேமரா! ரிவர்ஸ் கேமராவின் மஞ்சள் ஆர்சிஏவை ஹெட் யூனிட்டிலிருந்து பிடுங்கினதும் கத்தியால் வெட்டின மாதிரி சத்தம் நின்றது. திரும்ப மாட்டினால் வருகிறது. ரிவர்ஸ் கியரே போடாமல் எப்படி?

ராணிப்பேட்டை_மீட்டர்

ரிவர்ஸ் கியர் போட்டால்தான் கேமராவுக்கு பிளஸ் வரும். மைனஸ் எப்போதும் மாட்டியேதான் இருக்கிறது, அதுவும் பின் விளக்கின் எர்த்தில். கேமராவின் வீடியோ வயர் உறை அந்த மைனஸையே தூக்கிக்கொண்டு வந்து ஹெட் யூனிட் பாடியில் ஒட்டுகிறது. ஆக ஹெட் யூனிட்டுக்கு முன்னால் ஒரு எர்த், பின்னால் ஒரு எர்த். இரண்டுக்கும் நடுவே வண்டியின் தகரம், அதில் ஆல்டர்னேட்டர் கரண்ட் ஓடுகிறது. அந்தச் சின்ன வித்தியாசம் உறை வழியாக வந்து உங்கள் ட்வீட்டரில் பாடுகிறது.

கேமராவின் மைனஸைப் பின் விளக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு மெல்லிய வயரை முன்னால் ஹெட் யூனிட்டின் கறுப்பு வயரோடு சேருங்கள். செலவு சில மீட்டர் வயர்தான்.

காட்பாடி_டீசல்

சேர்த்துவிட்டேன். அமைதியாக இருக்கிறது. கதவில் பாட்டு இவ்வளவு சுத்தமாகக் கேட்கும் என்று தெரியாது. இனி கெயின் எவ்வளவு வைப்பது? கடையில் கடைசி வரை திருகி வைத்திருக்கிறார்கள்.

ராணிப்பேட்டை_மீட்டர்

கெயின் வால்யூம் இல்லை. ஹெட் யூனிட் கொடுக்கிற சிக்னல் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவது, அவ்வளவுதான். சப் வயரைக் கழற்றுங்கள். ஹெட் யூனிட்டில் ஈக்வலைசர் எல்லாம் நடுவில், பாஸ் பூஸ்ட் ஆஃப், ஆம்பிலும் பூஸ்ட் சுழியம். வால்யூம் முக்கால்வாசி. முழு அளவில் பதிந்த அதே 50 ஹெர்ட்ஸ் டோன். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் பிடியுங்கள். நம் வீட்டுக் கரண்ட்டும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் மலிவான மீட்டரும் இதைச் சரியாகவே காட்டும். 500 வாட்டை 2 ஓமால் பெருக்கினால் 1000, அதன் வர்க்கமூலம் 31.6. கெயினைக் கீழிருந்து மெல்ல ஏற்றி 31 வோல்ட்டில் நிறுத்துங்கள். சப்பின் ஆர்எம்எஸ் 500-க்குக் குறைவென்றால் அந்த எண்ணைப் போட்டுக் கணக்கிடுங்கள். டப்பாவில் பெரிதாக அடித்திருக்கும் மேக்ஸ் வாட்டைக் கண்டுகொள்ளாதீர்கள்.

போர்ட் பெட்டி என்பதால், ஆம்பில் சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டுவது) இருந்தால் 28, 30 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். அதற்குக் கீழே சப்பின் கோனைப் பெட்டிக்குள் இருக்கும் காற்று பிடித்துக்கொள்ளாது.

ஆம்பூர்_பாய்

கெயின் முடிந்ததும் சப்பின் பிளஸ் மைனஸை ஒரு தடவை மாற்றிப் போட்டுக் கேளுங்கள் பாய். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எப்படிப் போட்டால் பாஸ் முன்னாலிருந்து வருகிற மாதிரி நிறைவாக இருக்கிறதோ அப்படியே விடுங்கள். வயர் கலர் என்ன சொன்னாலும் சரி. எனக்கு மாற்றிப் போட்டதுதான் பிடித்தது.

தொரப்பாடி_வாசி

நல்ல விவாதம். ஒரு வேண்டுகோள், சிஎம்சி பக்கம் வரும்போது மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம் என்று 2000-ம் வருட ஒலி மாசு விதியிலேயே இருக்கிறது. என் அம்மா அங்கே வார்டில் படுத்திருந்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததைப் பார்த்தவன் நான்.

பாகாயம்_ஆட்டோ

அண்ணே, ஷேர் ஆட்டோவுக்கு இதே மோனோ ஆம்ப் போட முடியுமா? சவாரி பசங்க கேட்கிறாங்க.

குடியாத்தம்_12வோல்ட்

போடாதே. 500 வாட் ஆம்ப் முழுசா அடிச்சால் 45 ஆம்பியர் கேட்கும், உன் வண்டி சார்ஜிங் அதுக்குப் பக்கத்தில்கூட வராது. சாயந்திரம் ஹெட்லைட் போட்டு ஓட்டினால் மறுநாள் காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். ஆம்ப் உள்ளேயே வர்ற 8 இன்ச் சப் ஒண்ணு போதும். 15 ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரி பக்கத்திலேயே போடு, மைனஸை பாடியில் தேடாமல் பேட்டரி மைனஸுக்கே நேரா இழு. ரிமோட் வயரை (ஆம்பை ஆன் பண்ற வயர்) சாவிக்குப் பின்னாடி எடு, இல்லைன்னா வண்டி நிக்கிறப்பவும் பேட்டரியைக் குடிச்சிக்கிட்டே இருக்கும்.